அன்பளிப்புப் பொதிக்குப் பிளாஸ்டிக் ரிப்பன்தானா?

ஆசிரியர் அவர்களுக்கு,

கல்யாணம், பூப்புனித நீராட்டு விழா, பிள்ளை பிறந்த முப்பத்தோராம் நாள் என்று மட்டக்களப்பில் அன்பளிப்புக் கொடுக்கும் நாட்களுக்குக் குறைவில்லை. எல்லாப் பொதிக்கும் ஒரே மினுங்கும் பிளாஸ்டிக் ரிப்பன். விழா முடிந்ததும் மண்டப வாசலில் குவியும் அந்த ரிப்பன் காற்றோடு வாவிக்குப் போவதைப் பார்க்க எனக்கு மனம் பொறுக்கவில்லை.

ஜப்பானில் இதற்கு மிசுஹிகி என்ற கயிறு இருக்கிறது. கடதாசியை மெல்லிய கீலமாக வெட்டி, முறுக்கி, கஞ்சி போட்டு விறைப்பாக்கி, நிறம் ஏற்றுவார்கள். என்னைக் கவர்ந்தது அதன் முடிச்சு. பிள்ளை பிறந்தால், அந்தச் சந்தோஷம் திரும்பவும் வரட்டும் என்று, இழுத்தால் அவிழும் பூமுடிச்சு. கல்யாணத்துக்கோ அவிழாத முடிச்சு, பெரும்பாலும் பத்து இழையில். நோய் மாறியவருக்குக் கொடுப்பதிலும் அவிழாத முடிச்சுத்தான். அந்த நோய் திரும்பி வரக்கூடாதல்லவா! தாலிக்கு மூன்று முடிச்சுப் போடும் நமக்கு இதை விளக்கவே தேவையில்லை.

நகானோ மாகாணத்து ஈடா நகரம்தான் இதற்குப் பெயர்போனது. முன்பு அங்கே குடுமி கட்டும் கடதாசிக் கயிறு செய்தார்கள். 1871இல் குடுமியை வெட்டிக்கொள்ள அரசு அனுமதித்தது. கயிற்றுக்குக் கேள்வி குறைந்தது. கைவினைஞர்கள் தொழிலை விடவில்லை, அதே கைத்திறனை மிசுஹிகிக்குத் திருப்பினார்கள்.

நமக்குக் கடதாசி எதற்கு? மருதமுனையில் தறி இருக்கிறது, தறியில் வெட்டிப்போடும் பருத்தி நூல் துண்டும் இருக்கிறது. அயலிலுள்ள பெண்பிள்ளைகளோடு சேர்ந்து அந்த நூலை முறுக்கி, அரிசிக் கஞ்சியில் தோய்த்து, இரண்டு ஆணிக்கு இடையில் இழுத்துக் காயவைத்துப் பார்த்தேன். கோடையில் கம்பி போல நிற்கிறது. மாரியில் ஈரம் ஏறித் தளர்ந்துவிடுகிறது, உண்மைதான். காய்ந்ததைத் தகரப் பேணியில் இறுக்கி மூடி வைத்தால் சமாளிக்கலாம். சிவப்பும் வெள்ளையும் சேர்த்துக் கட்டிய ஒரு பூமுடிச்சைப் பார்த்த கடைக்காரர், இன்னும் கிடைக்குமா என்றுதான் கேட்டார்.

பிரதேச செயலகங்கள் நடத்தும் கைப்பணிக் கண்காட்சிகளில் இதற்கும் ஒரு மேசை ஒதுக்க வேண்டும். மாதர் சங்கங்கள் கூப்பிட்டால், மட்டக்களப்போ அம்பாறையோ, சம்பளம் வாங்காமல் வந்து பழக்கிவிட நான் தயார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கைப்பணி ஆசிரியை,
ஆரையம்பதி.