நிற்க வைத்துப் பாருங்கள்: கால் பெருவிரல் புடைப்பை முதலில் பார்க்கும் மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பொது மருத்துவர்களுக்கு, வணக்கம்.

கால் பெருவிரலின் அடிமூட்டில் புடைத்திருப்பதைக் காட்டி, "எலும்பு வளர்ந்துடுச்சு டாக்டர்" என்று வருபவர்களை முதலில் பார்ப்பவர்கள் நீங்கள்தான். பலரும் உட்கார்ந்தபடியே காலை நீட்டிக் காட்டிவிட்டு, வலி மாத்திரையோடும் "அகலமான செருப்பு போடுங்க" என்ற ஒரு வரி அறிவுரையோடும் திரும்பிவிடுகிறார்கள். பாதச் சிகிச்சையில் பணிபுரியும் இயன்முறை மருத்துவர்களும் செவிலியர்களுமான நாங்கள் உங்களிடம் கேட்பது இதுதான்: தயவுசெய்து அவர்களை எழுந்து நிற்கச் சொல்லுங்கள்.

மருத்துவ நூல்கள் ஹாலக்ஸ் வால்கஸ் என்று குறிப்பிடும் இந்தக் கோளாறில் புதிதாக எலும்பு எதுவும் முளைப்பதில்லை. பெருவிரலுக்குப் பின்னாலுள்ள முதல் மெட்டாடார்சல் எலும்பு (விரலையும் நடுப்பாதத்தையும் இணைக்கும் நீள எலும்பு) மற்றப் பாதத்தை நோக்கி விலக, விரல் எதிர்ப்பக்கம் இரண்டாம் விரல் மேல் சாய்கிறது. வெளியே முட்டிக்கொண்டு தெரிவது அந்த எலும்பின் தலைதான். உடல் எடை ஏறினால்தான் விலகலின் முழு அளவும் தெரியும். படுக்க வைத்து எடுக்கும் எக்ஸ்ரே அதைக் குறைத்தே காட்டும்; அறுவை மருத்துவர் மறுபடியும் எடுக்கச் சொல்வார், நோயாளிக்கு இரட்டைச் செலவு. சீட்டிலேயே "நின்ற நிலையில், மேலிருந்தும் பக்கவாட்டிலும்" என்று எழுதிவிடுங்கள். விரல் சாயும் கோணம் 15 பாகைக்குள்ளும், முதல் இரண்டு மெட்டாடார்சல்களுக்கு இடையிலான கோணம் 9 பாகைக்குள்ளும் இருந்தால் இயல்பு. சாய்வு 40ஐத் தாண்டினால் கடுமையான நிலை. ஆனால் கோணமும் வலியும் எப்போதும் கூடவே ஏறுவதில்லை. படத்தை மட்டும் பார்த்து முடிவெடுக்க வேண்டாம்.

புடைப்பெல்லாம் ஒரே நோயல்ல. ஒரே இரவில் சிவந்து, சூடாகி, போர்வை பட்டாலும் துடித்தால் கீல்வாதத்தை (கவுட்) நினையுங்கள். விரல் நேராகவே இருந்து, மேல்நோக்கி மடங்க மறுத்து, மூட்டின் மேற்புறம் தடித்திருந்தால் அது மூட்டுத் தேய்மானம். இரண்டு கைகளிலும் காலை நேர விறைப்பு இருந்தால் முடக்குவாதத்துக்கான சோதனை தேவை. சர்க்கரை நோய் உள்ளவரிடம் பாத நாடிகளைத் தொட்டுப் பாருங்கள். 10 கிராம் மோனோஃபிலமென்ட்டால் (தோலில் அழுத்திப் பார்க்கும் நைலான் இழை) உணர்ச்சியைச் சோதியுங்கள். உணர்ச்சி குன்றிய காலில் புடைப்பின் மேல் தோல் உரிந்திருந்தால் அது புண்ணாகும் வழி. அவரைக் காத்திருப்போர் பட்டியலில் போடாதீர்கள், உடனே அனுப்புங்கள்.

அடுத்து காலணி. "அகலமானது" என்ற சொல் கடையில் உதவாது. நோயாளியை ஒரு வெள்ளைத்தாளில் நிற்க வைத்துப் பாதத்தைச் சுற்றிக் கோடு வரையுங்கள். அவர் அணிந்து வந்த காலணியை அதன் மேல் வையுங்கள். கோடு வெளியே தெரிந்தால் சிக்கல் எங்கே என்று அவருக்கே புரிந்துவிடும்; இரண்டு நிமிட வேலை, பத்து அறிவுரைக்குச் சமம். பாதம் சற்று வீங்கியிருக்கும் மாலையில் வாங்குவது நல்லது. மிக நீண்ட விரலுக்கு முன்னால் சுமார் 1 சென்டிமீட்டர் இடம் வேண்டும். மேல்பகுதி மென்மையாக இருக்க வேண்டும், புடைப்பின் மேல் தையல் ஓடக் கூடாது. குதிகால் உயர்ந்தால் எடை முன்னே சரியும், ஆகவே தாழ்ந்த குதிகாலே நல்லது. காலணிக்குள் வைக்கும் உள்தகடு கொடுத்தால் அதற்கு ஆழமான காலணியும் வேண்டும். இல்லாவிட்டால் பாதம் மேலெழும்பி, புடைப்பு இன்னும் உரசும்.

விரலிடையில் வைக்கும் சிலிக்கான் துண்டும் இரவில் கட்டும் பட்டையும் சிலருக்கு வலியைத் தணிக்கும். அவை எலும்பை நிரந்தரமாக நேராக்காது. இதை நீங்களே சொல்லிவிட்டால் விளம்பரத்தை நம்பி மாதக்கணக்கில் காத்திருக்க மாட்டார்கள். துண்டு தடிமனாக இருந்தால் இரண்டாம் விரலையும் தள்ளிவிடும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் நடையை வலி தடுத்தால், இரண்டாம் விரல் மடங்கியோ மேலேறியோ போனால், அறுவை மருத்துவரிடம் அனுப்புங்கள். அழகுக்காக மட்டும் அறுவை வேண்டாம். புடைப்பை மட்டும் சீவிவிட்டால் மூல விலகல் அப்படியே இருக்கும், சாய்வு திரும்பும். அதனால்தான் எலும்பை வெட்டி நகர்த்தித் திருகாணி பொருத்துகிறார்கள் அல்லது அடிமூட்டை இணைத்துவிடுகிறார்கள். நோயாளியிடம் காலக் கணக்கை மறைக்காதீர்கள்: கெட்டியான அடி கொண்ட சிறப்புக் காலணி பெரும்பாலும் ஆறு வாரம், வீக்கம் முழுதாக வடிய பல மாதங்கள், சிலருக்கு ஒரு வருடம்கூட. புடைப்பு மீண்டும் வருவது, மூட்டு விறைப்பு, விரல் ஓரத்தில் மரத்துப்போவது, பக்கத்து விரலடிக்கு வலி மாறுவது ஆகியவை நடக்கக்கூடியவை. புகைபிடித்தால் எலும்பு கூடுவது தாமதமாகும். அறுவைக்கு முன்பே நிறுத்தச் சொல்ல வேண்டியவர் நீங்கள். வளரும் பிள்ளைகளுக்கு வளர்ச்சித் தட்டு (எலும்பு நீளும் பகுதி) மூடாதவரை பொதுவாகக் காத்திருப்பதே நல்லது.

பரிந்துரைக் கடிதத்தில் "பெருவிரல் புடைப்பு, பார்க்கவும்" என்பதோடு நிறுத்தாமல், வலி சரியாக எந்த இடத்தில், எவ்வளவு தூரம் நடந்தால் வருகிறது, எந்தக் காலணியை எத்தனை வாரம் அணிந்து பார்த்தார், நாடியும் உணர்ச்சியும் எப்படி, சர்க்கரை அளவு, புகைப்பழக்கம் ஆகியவற்றையும் எழுதுங்கள். நின்று எடுத்த எக்ஸ்ரேயையும் கையோடு கொடுத்தனுப்புங்கள்.

அன்புடன்,
பாதச் சிகிச்சைப் பணியாளர்கள்