85 வயதில் ஸ்டென்ட் வைக்கலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வீட்டுப் பெரியவருக்கு மாரடைப்பு என்றதும் குடும்பம் இரண்டு கட்சியாகிவிடுகிறது. ‘இந்த வயசுல ஆஞ்சியோ எதுக்கு?’ என்பார் ஒருவர். ‘எவ்வளவு செலவானாலும் ஸ்டென்ட் வச்சிடுங்க’ என்பார் இன்னொருவர். ஆஞ்சியோ என்பது சாயம் செலுத்தி இதய ரத்தக்குழாயின் அடைப்பைப் பார்ப்பது; ஸ்டென்ட், அடைப்பைப் பலூனால் விரித்து அங்கே வைக்கும் வலைக்குழல். முதலில் எந்த வகை மாரடைப்பு என்று கேட்க வேண்டும்.

இசிஜி கோட்டில் ‘எஸ்டி’ எனப்படும் பகுதி உயர்ந்திருந்தால், பெரும்பாலும் ரத்தக்குழாய் முழுதாக அடைபட்டிருக்கிறது என்று பொருள். அங்கே வயது தடையே அல்ல. எவ்வளவு சீக்கிரம் திறக்கிறோமோ அவ்வளவு நல்லது. விவாதம் மற்ற வகையில்தான்: எஸ்டி உயராமல், இதயத் தசை பாதிக்கப்பட்டால் ரத்தத்தில் கலக்கும் ட்ரோபோனின் என்ற புரதம் மட்டும் கூடியிருப்பவர்கள்.

இவர்களைப் பற்றி நல்ல ஆய்வுகள் உண்டு. நார்வேயில் 80 வயதைக் கடந்த 457 பேரிடம் நடந்த ஆய்வு 2016இல் வெளியானது. மாரடைப்பு, அவசர ஸ்டென்ட் அல்லது பைபாஸ், பக்கவாதம், மரணம் நான்கையும் சேர்த்துப் பார்த்தால், மாத்திரை மட்டும் பெற்றவர்களில் 61 சதவீதத்தினருக்கு இவற்றில் ஏதாவது நேர்ந்தது; ஆஞ்சியோ செய்து, தேவைப்பட்டால் ஸ்டென்டும் வைத்தவர்களில் 41. ஆனால் மரணம் மட்டும் என்றால் முதல் குழுவில் 27 சதவீதம், இரண்டாவதில் 25. வித்தியாசம் இல்லை என்றே கொள்ள வேண்டும். பிரிட்டனில் 75 வயதைக் கடந்த 1,518 பேரை நான்கு ஆண்டுகள் தொடர்ந்த ஆய்வு 2024இல் வந்தது. உயிர் பறிக்காத மாரடைப்பு மாத்திரை மட்டும் பெற்றவர்களில் 15 சதவீதம்; ஆஞ்சியோ குழுவில் 11.7 ஆகக் குறைந்தது. இதய மரணம் குறையவில்லை. ஆகவே ‘ஸ்டென்ட் வைத்தால் ஆயுள் கூடும்’ என்று இவர்களிடம் சொல்வது சரியல்ல. மறுபடி மாரடைப்பு வந்து ஆஸ்பத்திரிக்கு ஓடுவது குறையும். அதுவும் சிறிய லாபமல்ல.

அந்த லாபத்தைக் கெடுப்பவற்றில் முதலாவது சிறுநீரகம். 85 வயது, 48 கிலோ எடையுள்ள பாட்டிக்கு, சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியாட்டினின் ரத்தத்தில் 1.2 என்றால் ரிப்போர்ட்டில் ‘நார்மல்’ போலத் தெரியும். வயதையும் எடையையும் சேர்த்துக் கணக்கிட்டால் வடிதிறன், அதாவது சிறுநீரகம் ரத்தத்தை வடிகட்டும் வேகம், நிமிடத்துக்கு 26 மில்லிதான். ஆஞ்சியோ சாயம் இந்த எண்ணின் மூன்று மடங்குக்குள், அதாவது 75 மில்லியைச் சுற்றி, நிற்பது நல்லது. இதயம் ரத்தத்தை இறைக்கும் திறனை எக்கோ ஸ்கேனில் பார்த்துக்கொள்ளலாம். அதற்கென்று தனியாகச் சாயம் செலுத்த வேண்டாம். 48 மணி நேரம் கழித்துக் கிரியாட்டினினை மறுபடி பார்க்காமல் விடக் கூடாது.

அடுத்தது சுண்ணாம்புப் படிவு. முதிய ரத்தக்குழாயில் பலூன் சரியாக விரியாது. அரைகுறையாக விரிந்த ஸ்டென்டில் ரத்தம் உறையும். படிவைச் சுரண்டவோ அதிர்வலையால் உடைக்கவோ தனிக் கருவி வேண்டும்; அது அந்த மருத்துவமனையில் இருக்கிறதா, செலவு எவ்வளவு என்பதை முன்பே கேட்டுவிடலாம்.

பெரும்பாலும் கோட்டைவிடுவது வீடு திரும்பிய பிறகுதான். ரத்தம் உறையாமலிருக்கத் தரும் ஆஸ்பிரினும் குளோபிடோக்ரலும் சேர்ந்து போகும்போது, மூட்டுவலிக்கு மருந்துக் கடையில் வாங்கிய டைக்ளோஃபினாக்கையும் போட்டால் வயிற்றில் ரத்தம் கசியும், சிறுநீரகமும் கெடும். மலம் கறுப்பாகப் போனால் உடனே வர வேண்டும். ஆனால் மருத்துவரைக் கேட்காமல் இரண்டு மாத்திரைகளையும் ஒரே நாளில் நிறுத்திவிடக் கூடாது, ஸ்டென்ட் அடைத்துக்கொள்ளும். வயிற்றைக் காக்கும் பான்டோப்ரசோலும், அந்த இரண்டு மாத்திரைகளையும் சேர்த்துப் போடுவது எத்தனை மாதம் என்பதும் டிஸ்சார்ஜ் சீட்டில் இருக்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக உடல் நலிவு. ஐசியூ படுக்கையில் கிடப்பதை வைத்து அதை எடைபோட முடியாது. இரண்டு வாரத்துக்கு முன்பு தானே குளித்தாரா, துணையின்றி நடந்தாரா, ஆள் அடையாளம் தெரிந்ததா என்று வீட்டாரிடம் கேட்க வேண்டும். 88 வயதிலும் கடைக்கு நடந்து போனவர் வேறு; 76 வயதில் ஓராண்டாகப் படுக்கையில் இருப்பவர் வேறு.

ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்கும் மருத்துவமனைகள், நோயாளியின் வடிதிறன் எண்ணையும் உடல் நலிவை அளக்கும் மதிப்பெண்ணையும், இந்தச் சிகிச்சையால் எது குறையும், எது குறையாது என்பதையும் தமிழில் அதே தாளில் எழுதித் தர வேண்டும்.

இப்படிக்கு,
இதயநோய் மருத்துவர் ஒருவர்,
திருச்சி