நடுராத்திரி வயிற்றுவலியும் நுண்துளை அறுவையும்

மாட்டுங்கா, மும்பை

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் போன வாரம் கிடைத்தது. வயிற்றில் சிறு துளைகள் போட்டு, கேமராவில் பார்த்தபடி அறுவை செய்யும் லேப்ராஸ்கோப்பிக் கருவிகள் உங்கள் மருத்துவமனைக்கு வந்து இறங்கிவிட்டன என்பதையும், மகள் பொது அறுவைச் சிகிச்சையில் மேற்படிப்புக்குச் சேர்ந்துவிட்டாள் என்பதையும் அடுத்தடுத்த வரிகளில் படித்து மிகவும் மகிழ்ந்தேன். திட்டமிட்டுச் செய்யும் பித்தப்பை அறுவைக்கு இந்த முறை நல்லது என்பதில் உனக்கு ஐயமில்லை. வயிறு பலகைபோல இறுகி, காய்ச்சலோடு நடுராத்திரியில் வந்து சேரும் நோயாளிக்கும் இதையே செய்யலாமா என்றுதான் கேட்டிருக்கிறாய். செய்யலாம் என்பதே என் பதில். ஆனால் அதை உன் கைத்திறன் மட்டும் தீர்மானிப்பதில்லை. அந்த நேரத்தில் உன்னோடு தியேட்டரில் நிற்பவர்கள் யார் என்பதும் சேர்ந்தே தீர்மானிக்கிறது. அதைப் பற்றி விரிவாக எழுதவேண்டும் என்றே இன்று உட்கார்ந்தேன்.

அவசர நிலையில் இந்த முறை தரும் பெரிய நன்மை சின்னத் தழும்பு அல்ல, கண்ணால் பார்க்க முடிவதுதான். நாம் பயிற்சி பெற்ற காலத்தில் வலப்பக்க அடிவயிற்றில் வலி என்றால் அந்த இடத்திலேயே கீறி உள்ளே போவோம். அப்பெண்டிக்ஸ் எனப்படும் குடல்வால் நன்றாக இருந்துவிட்டால், வலி எங்கிருந்து வருகிறது என்று அந்தச் சிறிய கீறல் வழியாகவே தேடித் திணறுவோம், அல்லது கீறலை நீட்டுவோம். இப்போது தொப்புளில் 10 மில்லிமீட்டர் துளை போட்டுக் கேமராவை உள்ளே விட்டால் கல்லீரல் முதல் இடுப்புக்குழி வரை ஒரு சுற்றுப் பார்த்துவிட முடிகிறது. இளம்பெண்களுக்கு இது எவ்வளவு முக்கியம் என்று உனக்கே தெரியும். குடல்வால் என்று நினைத்தது முறுக்கிக்கொண்ட சினைப்பைக் கட்டியாக இருக்கலாம், கருக்குழாயில் தங்கி வெடித்த கருவாகவும் இருக்கலாம். முன்சிறுகுடல் புண் ஓட்டையாகி, அதன் நீர் பெருங்குடலின் வலப்புற ஓரமாகவே கீழே வழிந்து, அசல் குடல்வால் அழற்சியைப் போலவே நம்மை ஏமாற்றுவதும் உண்டு. வயிற்றறைச் சவ்வு முழுவதும் வெண்புள்ளிகள் இறைந்து கிடப்பதைப் பார்த்து, இது காசநோய் என்று உணர்ந்து, திசுத்துண்டு மட்டும் எடுத்துக்கொண்டு வெளியே வந்த நோயாளிகளும் எனக்கு உண்டு. அவர்களுக்கு நீளக் கீறல் ஒன்று மிச்சமானது.

இந்த ஊரில் இருந்துகொண்டு இதைப் பற்றி எழுதும்போது டாக்டர் தெஹெம்டன் உத்வாடியாவைச் சொல்லாமல் இருக்க முடியாது. இந்தியாவின் முதல் லேப்ராஸ்கோப்பிப் பித்தப்பை அறுவையை 1990இல் பைகுலாவில் உள்ள ஜே.ஜே. மருத்துவமனையில் அவர் செய்தார் என்பதே பலருக்கும் தெரிந்த செய்தி. அதற்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன்பே, வயிற்றுக்குள் என்ன நோய் என்று பார்த்து அறிவதற்காக லேப்ராஸ்கோப்பை அதே அரசு மருத்துவமனையின் ஏழை நோயாளிகளிடம் அவர் பயன்படுத்தத் தொடங்கியதைத்தான் நான் அதைவிட முக்கியமாக நினைக்கிறேன். ஸ்கேன் வசதி அருகில் இல்லாத இடத்துக்கே இந்தக் கருவி அதிகம் தேவை என்பதை அவருடைய பணி காட்டியது. 2023 ஜனவரியில் அவர் காலமானார். அதேபோல், குடல்வாலை முழுக்க முழுக்க லேப்ராஸ்கோப்பி வழியாக 1980இல் முதன்முதலாக அகற்றிய ஜெர்மனியின் கூர்ட் செம் ஒரு மகப்பேறு மருத்துவர். அவரை மருத்துவத் தொழிலிலிருந்தே விலக்கவேண்டும் என்று அந்நாட்டு அறுவை மருத்துவர்களின் தலைமையே அப்போது எழுதியது. இன்று உன் மகள் தன் முதலாம் ஆண்டிலேயே அந்த அறுவைக்குக் கேமரா பிடிப்பாள்.

நீ குடல்வாலிலிருந்தே தொடங்கு. மூன்று துளை போதும். அடிப்பகுதியைக் கட்ட விலையுயர்ந்த ஸ்டேப்ளர் வேண்டும் என்று விற்பனைப் பிரதிநிதி சொன்னால் நம்பாதே. சாதாரண நூலில் வெளியே முடிச்சுப் போட்டு உள்ளே தள்ளும் ரோடர் முடிச்சு நம் நோயாளிகளுக்கு நன்றாகவே உழைக்கிறது. வெட்டிய குடல்வாலை வெளியே எடுக்கக் கையுறையின் ஒரு விரலை நறுக்கிப் பையாக்கிக்கொள், துளையின் வாயில் சீழ் படாது. காயத்தில் சீழ் பிடிப்பது இந்த முறையில் தெளிவாகவே குறைவு. குறிப்பாகப் பருமனானவர்களிடம் அந்த வேறுபாட்டை ஒரு மாதத்திலேயே காண்பாய். குடல்வால் வெடித்துச் சீழ் பரவியிருந்தால் வயிற்றறையை நிதானமாக உறிஞ்சிச் சுத்தம் செய். அவசரத்தில் லிட்டர் கணக்கில் உப்புநீரை ஊற்றி அந்தச் சீழை நான்கு மூலைக்கும் பரப்பிவிடாதே. ஆன்டிபயாட்டிக் மட்டுமே கொடுத்து அறுவையைத் தவிர்க்கலாமே என்று உன் இளம் மருத்துவர் கேட்டதாக எழுதியிருந்தாய். நியாயமான கேள்விதான். 2020இல் வெளியான அமெரிக்க ஆய்வில் அப்படிச் சிகிச்சை பெற்றவர்களில் பத்தில் மூவருக்கு 90 நாட்களுக்குள் அறுவை தேவைப்பட்டது; குடல்வாலுக்குள் கல் இருந்தவர்களிடம் அது இன்னும் அதிகம். மலையடிவாரத் தோட்டத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வரும் உன் நோயாளி மறுபடி வலி வந்தால் உடனே திரும்பி வருவாரா என்பதையும் சேர்த்துத்தான் நீ முடிவெடுக்கவேண்டும்.

அழற்சி கண்ட பித்தப்பையில் உனக்கு அனுபவம் உண்டு, ஆகவே சுருக்கமாகச் சொல்கிறேன். அமெரிக்க அறுவை மருத்துவர் ஸ்ட்ராஸ்பெர்க் 1995இல் வகுத்த அந்தக் காட்சி, அதாவது பித்தப்பைக்குள் போவது அதன் நாளமும் தமனியும் ஆகிய இரண்டே அமைப்புகள் என்பது, ஐயமின்றிக் கண்ணில் படும்வரை எதையும் வெட்டாதே. படவில்லை என்றால் பையின் ஒரு பகுதியை விட்டுவிட்டு வெளியே வருவது கௌரவமான முடிவே.

ஓட்டையான முன்சிறுகுடல் புண்ணை, குடலின் மேல் தொங்கும் கொழுப்புச் சவ்வான ஓமெண்டத்தை இழுத்து வைத்துத் தைத்து மூடும் வேலையைச் சில மாதங்கள் கழித்து எடுத்துக்கொள். கனடிய அறுவை மருத்துவர் கிரஹாம் 1937இல் எழுதிய முறைதான், துளை வழியாகச் செய்கிறோம், அவ்வளவே. ஆனால் உள்ளே தையல் போடத் தடுமாறாத கை வேண்டும். வரும்போதே இரத்த அழுத்தம் விழுந்திருத்தல், 24 மணி நேரத்துக்கு மேல் தாமதம், இதய நோய் போன்ற கடுமையான வேறு நோய், இவற்றில் இரண்டு சேர்ந்திருந்தால் நான் கேமராவைத் தொடுவதே இல்லை. குடலடைப்பைப் பற்றி இன்னும் எச்சரிக்கையாக இருக்கச் சொல்வேன். உப்பிய குடல் இடம் முழுவதையும் அடைத்துக்கொண்டிருக்கும்போது முதல் துளையே ஆபத்து. நைந்த குடலைக் கருவியால் பிடித்தாலே கிழியும். முன்பு ஒரு சிறிய அறுவை மட்டுமே நடந்து, ஒற்றை நார் குறுக்கே விழுந்து அடைத்திருப்பதாக ஸ்கேன் காட்டினால், தொப்புளருகே கீறி, கண்ணால் பார்த்தபடி முதல் போர்ட்டை, அதாவது கருவி நுழையும் குழாயை, வைத்துப் போகலாம்.

மயக்க மருந்து நிபுணரின் பேச்சுக்குத் தனி மதிப்புக் கொடு. நாம் கரியமில வாயுவைத் தேர்ந்தெடுப்பது அது மின்கத்தியின் பொறியில் தீப்பற்றாது, இரத்தத்தில் எளிதில் கரைந்து மூச்சு வழியே வெளியேறும் என்பதால். ஆனால் 12 முதல் 15 மில்லிமீட்டர் பாதரச அழுத்தத்தில் அதை வயிற்றில் நிரப்பும்போது இதயத்துக்குத் திரும்பும் இரத்தம் குறைகிறது, உதரவிதானம் மேலே தள்ளப்படுகிறது. நல்ல உடல் அதைத் தாங்கும். நச்சுக்காய்ச்சலில் தளர்ந்து, நீர் வற்றி வந்த உடல் தாங்காது. வாயுவை நிறுத்துங்கள் என்று அவர் சொன்னால் அந்தக் கணமே நிறுத்தவேண்டும். திறந்து செய்யும் முறைக்கு மாறுவதைத் தோல்வி என்று உங்கள் தியேட்டரில் யாரும் சொல்லவிடாதே. அந்தச் சொல்லுக்குப் பயந்து ஒரு மணி நேரம் கூடுதலாகப் போராடியதால் நோயாளிகள் கெட்டுப்போனதை நான் பிற இடங்களில் பார்த்திருக்கிறேன்.

இனி, முதலில் சொன்ன விஷயத்துக்கு வருகிறேன். இந்த மாநகரத்திலேயே, காலை பதினொரு மணிக்கு வரும் குடல்வாலுக்கு மூன்று துளையும், இரவு இரண்டு மணிக்கு வரும் அதே குடல்வாலுக்கு நீளக் கீறலும் கிடைப்பதை ஆண்டுக்கணக்கில் பார்த்துவருகிறேன். நோய் ஒன்றே, மருத்துவரும் பல சமயம் ஒருவரே. கேமராவை ஆடாமல் பிடிக்கத் தெரிந்த உதவியாளரும், கேமராவுக்கு வெளிச்சம் தரும் ஒயரை எங்கே மாட்டுவது, வாயு சிலிண்டர் தீர்ந்தால் மாற்று எங்கே இருக்கிறது என்று அறிந்த சிஸ்டரும் பகலில் மட்டுமே இருக்கிறார்கள் என்பதுதான் காரணம். ஜூலை மழையில் சயான், குர்லா பக்கம் தண்டவாளம் மூழ்கி லோக்கல் ரயில் நின்றுவிட்டால், கல்யாணிலிருந்து வரவேண்டிய சிஸ்டர் வரமாட்டார். அன்று பகலிலும் எங்களிடம் லேப்ராஸ்கோப்பி கிடையாது. இது எனக்கு உண்மையிலேயே வேதனை தருகிறது. நீளக் கீறலால் இரண்டு வாரம் கூடுதலாகக் கூலி இழப்பவர், பெரும்பாலும், வலியைப் பகலெல்லாம் பொறுத்துக்கொண்டு வேலை முடிந்து இரவில் வருகிற தாராவிக்காரர்தான். ஆகவே நீ தொடங்கும்போதே இரவு டியூட்டியில் இருப்பவர்களைப் பழக்கு. பகலில் செய்யும் பித்தப்பை அறுவைகளில் அவர்களை முறைவைத்து நிற்கவை.

கருவிகளைச் சுத்தம் செய்வதை மட்டும் யாரிடமும் முழுதாக ஒப்படைத்துவிடாதே. சிடெக்ஸ் என்ற கிருமிநாசினியில் சில நிமிடம் முக்கி எடுத்து, குழாய்த் தண்ணீரில் அலசி, அடுத்த நோயாளிக்குக் கொடுக்கும் பழக்கம் நம் நாட்டில் பரவலாக இருக்கிறது. அதன் விலை மூன்று நான்கு வாரம் கழித்துத் தெரியும். நன்றாக ஆறிய துளைத் தழும்பு சிவந்து, முடிச்சாகி, நீர் கசியத் தொடங்கும்; வழக்கமான ஆன்டிபயாட்டிக் எதற்கும் அது அடங்காது. காசநோய்க் கிருமியின் தூரத்து உறவான மைக்கோபாக்டீரியாக்கள் செய்யும் வேலை அது; கிளாரித்ரோமைசின் போன்ற மருந்துகளை மாதக்கணக்கில் கொடுக்கவேண்டியிருக்கும். முழுதாகக் கழற்ற முடிகிற இரும்புப் போர்ட்டுகளையே வாங்கச் சொல். ஒவ்வொரு வால்வையும் பிரித்துத் தேய்த்துக் கழுவி, உயர் அழுத்த நீராவியால் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவில் வைக்க முடிந்தவற்றையெல்லாம் அதிலேயே வைக்கவேண்டும்.

உங்கள் தியேட்டர் சிஸ்டர்களில் இருவரை, முடிந்தால் இரவு முறையில் இருப்பவர்களை, தீபாவளிக்குப் பிறகு இரண்டு வாரம் இங்கே அனுப்பு. செம்பூரில் என் அக்கா வீட்டு மாடி காலியாக இருக்கிறது. சாப்பாட்டுக்கும் அவளே பொறுப்பு என்று சொல்லிவிட்டாள். எங்கள் மேட்ரனிடமும் பேசிவிட்டேன். பகலில் கருவிகளைப் பிரித்துப் பூட்டக் கற்றுக்கொண்டு, இரவில் எங்கள் டியூட்டிக் குழுவோடு நின்று பார்க்கட்டும். ரயில் முன்பதிவு செய்ததும் எந்தத் தேதி என்று எழுது. மகளுக்கு என் ஆசிகள்.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்