தில்லைக் கூத்தனுக்கு யார் கால் மாற்றியது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மார்கழித் திருவாதிரையன்று தங்கள் நாளிதழின் இணையப் பக்கத்தில் சிதம்பரம் ஆருத்ரா தரிசனம் பற்றிய கட்டுரை வந்தது. எழுத்தில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் அதன் தலைமாட்டில் போட்டிருந்த படத்தில் நடராசர் வலக்காலைத் தூக்கி, இடக்காலை முயலகன் மேல் ஊன்றி நிற்கிறார். உடுக்கை இடக்கைக்குப் போய்விட்டது, தீ வலக்கைக்கு வந்துவிட்டது. அன்றைய அச்சுப் பதிப்பில் அதே படம் ஒழுங்காக இருக்கிறது. ஆகவே எடுத்தவர்மேல் பிழை இல்லை. இணையத்தில் ஏற்றியவர் இடம் வலமாகத் திருப்பியிருக்கிறார்.

வலக்காலைத் தூக்கி ஆடுகிற நடராசர் ஒருவர் உண்டு, மதுரை வெள்ளியம்பலத்தில். ஆடற்கலை பயின்ற ராஜசேகர பாண்டியன், ஒரே காலில் எப்போதும் நின்றால் இறைவனுக்கு எவ்வளவு வலிக்கும் என்று உருகி, மாற்றி ஆடாவிட்டால் வாளில் விழுந்து உயிரை விடுவேன் என்று மன்றாடிய பிறகே அவர் கால் மாறினார் என்கிறது திருவிளையாடற் புராணம். தங்கள் அலுவலகத்தில் அதற்கு ஒரு சொடுக்கு போதுமானதாக இருந்திருக்கிறது.

நான் கும்பகோணத்தில் ஸ்டூடியோ வைத்திருப்பவன். கடைகள், பள்ளிகள், சிறு கோயில்களின் இணையப் பக்கங்களுக்குப் படம் எடுத்துத் திருத்தி ஏற்றித் தருவதுதான் இப்போது பாதிப் பிழைப்பு. ஆகவே இது எப்படி நடந்திருக்கும் என்று ஊகிக்க முடிகிறது. படத்தில் காலியிடம் வலப்பக்கம் இருந்திருக்கும்; தலைப்பு எழுத்துகள் இடப்பக்கம் வரவேண்டியிருந்திருக்கும். திருப்பினால் வேலை முடிந்தது. பிலிம் காலத்தில் நெகட்டிவின் மங்கிய பக்கம் கீழே தாளைப் பார்த்து இருக்கவேண்டும். பளபளப்பான பக்கத்தை மாற்றி வைத்துவிட்டால் பிரிண்ட் தலைகீழாக அல்ல, இடம் வலமாக விழும். இருட்டறையில் அது கைத்தவறு. இன்று வேண்டுமென்றே செய்கிறார்கள், அதற்கு வடிவமைப்பு என்று பெயர் வேறு. சில தளங்களில் இன்னொரு நோக்கமும் உண்டு: படத்தை வைத்தே படத்தைத் தேடும் வசதியில் சிக்காமல் இருக்கத் திருப்பிப் போடுவது. தங்கள் நாளிதழ் அந்தக் கூட்டத்தில் இல்லை என்றே நம்புகிறேன்.

மலையையும் கடலையும் திருப்பினால் யாருக்கும் தெரியாது. நம் ஊர்ப் படங்கள் அப்படி அல்ல. தீபாராதனை காட்டும் குருக்களைத் திருப்பிப் பாருங்கள்: மணி வலக்கையில், தட்டு இடக்கையில், பூணூலோ திவசம் கொடுப்பவருக்குப்போல வலத்தோளில். இடம்புரிப் பிள்ளையார் வலம்புரி ஆகிவிடுவார். பக்தர் மகிழலாம், சிற்பி மகிழமாட்டார். மிருதங்கக்காரரின் வலந்தலை இடப்பக்கம் போகும். மணப்பெண்ணின் முந்தானை வலத்தோளில் ஏறும். என் கடையில் வேலை பழகும் பையன்களிடம், எந்தப் படத்தையும் ஏற்றும் முன் கைகளையும் தோள்களையும் ஒருமுறை பார்க்கச் சொல்வேன்.

அடுத்தது, படத்தை இழுப்பது. இணையப் பக்கத்தில் படத்துக்கு ஒதுக்கும் பெட்டி பெரும்பாலும் அகலவாக்கில் இருக்கும். கைப்பேசியில் எடுத்து வரும் படம் நெட்டுவாக்கில் இருக்கும். பெட்டியை நிரப்ப அகலத்தை மட்டும் இழுத்தால், 216 அடி உயரம் என்று நாம் பெருமை பேசும் தஞ்சை விமானம் குந்தி உட்கார்ந்துவிடும். இதில் நுணுக்கம் ஒன்று இருக்கிறது. தஞ்சை விமானத்தின் விளிம்பு நேர்க்கோடாக ஏறும். கங்கைகொண்ட சோழபுரத்து விமானம் உள்வாங்கி வளைந்து ஏறும். இரண்டையும் படத்தில் பிரித்தறிய அந்த விளிம்புதான் முதல் அடையாளம். அந்தக் கோட்டை இழுத்துக் கெடுத்த பிறகு, ஒன்றின் படத்தை மற்றொன்றின் பெயரில் போட்டாலும் கண்டுபிடிப்பார் இல்லை. இப்படிப் பெயர் மாறி வந்த படங்களை எத்தனையோ தளங்களில் பார்த்தாயிற்று. இழுப்பதைவிட வெட்டுவது மேல். ஆனால் வெட்டுவதையும் இயந்திரத்திடம் விட்டால் அது நடுப்பகுதியை வைத்துக்கொண்டு மேலும் கீழும் அறுக்கும். கோபுரத்துக்குக் கலசம் போகும், குழுப் படத்தில் பின்வரிசைக்காரர்களுக்குத் தலை போகும். எந்தப் பகுதி கட்டாயம் தெரியவேண்டும் என்று குறித்துவிடும் வசதி இன்று சாதாரணமாகவே கிடைக்கிறது. குறிக்க ஓர் ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

எனக்கு உண்மையில் கோபம் வருவது ‘நன்றி: கூகுள்’ என்ற வரியைப் பார்க்கும்போதுதான். ‘படம்: இணையம்’ அதன் தம்பி. கூகுள் கேமராவைத் தூக்கிக்கொண்டு தாராசுரத்தில் வெயிலில் நிற்கவில்லை. அது தேடித் தருகிறது. தரும்போதே படத்தின் அருகில் பதிப்புரிமை இருக்கலாம் என்று எச்சரிக்கவும் செய்கிறது. 2004இல் தொடங்கிய விக்கிமீடியா காமன்ஸ் தளத்தில் நம் கோயில்கள், பறவைகள், பஸ் நிலையங்கள் வரை தன்னார்வலர்கள் எடுத்துக் கொடுத்த படங்கள் குவிந்து கிடக்கின்றன. காசு கேட்பதில்லை. எடுத்தவர் பெயரையும் உரிமத்தின் பெயரையும் போடுங்கள், மாற்றம் செய்திருந்தால் சொல்லுங்கள் என்பதுதான் அங்குள்ள பெரும்பாலான படங்களுக்கு நிபந்தனை. அந்த ஒரு வரியைக்கூட எழுதாமல் எடுத்துக்கொள்வதற்குப் பெயர் என்ன என்று தங்களுக்கே தெரியும். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தில் 57ஆவது பிரிவு, உரிமையை விற்றுவிட்ட பிறகும், இது என் படைப்பு என்று சொல்லிக்கொள்ளும் உரிமையைப் படைத்தவருக்கு விட்டுவைக்கிறது. தன் நற்பெயர் கெடும்படி அதைச் சிதைத்தால் தடுக்கவும் இடம் தருகிறது. கால் மாறிய நடராசரை எடுத்தவர் என்ன நினைத்தாரோ.

படங்கள் வாட்ஸ்அப் வழியாக வருவதைப் பற்றியும் சொல்லவேண்டும். சாதாரணமாக அனுப்பினால் அது படத்தைச் சுருக்கி அனுப்பும். எடுத்த தேதி, நேரம், இடம் போன்ற உள்விவரங்களும் உதிர்ந்துவிடும். டாக்குமெண்டாக அனுப்பச் சொன்னால் இரண்டும் தப்பும். அப்படி வந்த பெரிய கோப்பை அப்படியே பக்கத்தில் ஏற்றுவதும் கூடாது. சிக்னல் விட்டு விட்டு வரும் பஸ்ஸில் உட்கார்ந்து படிப்பவருக்குப் பாதிப் படம் இறங்குவதற்குள் ஊர் வந்துவிடும். ஆயிரத்து இருநூறு பிக்சல் அகலம் செய்திப் படத்துக்குத் தாராளம். மூலக் கோப்பைத் தனியே பத்திரப்படுத்திவிட்டு, நகலில் கை வையுங்கள். ஜேபெக் கோப்பைத் திருத்தித் திருத்திச் சேமிக்கும்போதெல்லாம் தரம் கொஞ்சம் கொஞ்சமாகத் தேயும்.

கண் பார்வை இல்லாத இசை ஆசிரியர் ஒருவர் எங்கள் தெருவில் இருக்கிறார். தங்கள் நாளிதழைக் கைப்பேசி வாசித்துக் காட்டக் கேட்பவர். படம் வரும் இடத்தில் அது ‘ஐஎம்ஜி’ என்று தொடங்கி ஒரு நீளமான எண்ணைப் படிக்கிறது. சங்கீத சீசன் முழுவதும் யார் மேடையில் இருக்கிறார் என்று தெரியாமல் எண்களைக் கேட்டுக்கொண்டிருந்தார். படத்தை ஏற்றும் இடத்திலேயே மாற்று உரைக்கு ஒரு கட்டம் இருக்கும். ‘பாடகர், இடப்புறம் வயலின், வலப்புறம் மிருதங்கம்’ என்று அதில் தமிழில் எழுதினால் போதும். படத்தைத் திருப்பிப் போட்டிருந்தால் இதுவும் பொய்யாகிவிடும் என்பது வேறு விஷயம்.

வாசகர்களிடம் தாங்கள் படம் கேட்கும் அறிவிப்பில் இப்போது பெயரும் தொலைபேசி எண்ணும் மட்டுமே கேட்கிறீர்கள். எடுத்தவர் யார், எந்த ஊர், எப்போது எடுத்தது, படத்தில் இருப்பவர்கள் சம்மதித்தார்களா என்ற நான்கையும் சேர்த்துக் கேளுங்கள். எடுத்தவரும் அனுப்புகிறவரும் பல சமயம் வேறு வேறு ஆட்கள்.

இப்படிக்கு,
ஸ்டூடியோ உரிமையாளர் ஒருவர்,
கும்பகோணம்