படிவத்தையாவது தமிழில் கொடுக்கச் சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கிராமத்து இயக்கங்களைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். ஆறு பக்கம், வழவழ தாள், நடுவில் ஒரு ஆலமரப் படம், எல்லாம் சரி. கிராமங்களுக்கு இன்று நிதிக்குக் குறைவில்லை, வாங்கி வேலை செய்யத்தான் ஆளில்லை என்று உங்கள் கட்டுரையாளர் போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டுப் போயிருக்கிறார் பாருங்கள், அதைத்தான் என்னால் தாண்ட முடியவில்லை. கோயம்புத்தூரில் எந்த ஏசி ஓட்டலில் உட்கார்ந்து இதைக் கண்டுபிடித்தாரோ, அவருக்கே வெளிச்சம்.

நான் ஈரோடு மாவட்டம் அந்தியூர்ப் பக்கம். கூலி வேலைக்குப் போகிறவர்கள், செங்கல் சூளைக்காரர்கள், பர்கூர் மலைமேல் இருக்கிற சோளகர்கள் என்று எல்லாரையும் சேர்த்து ஒரு சின்னச் சங்கம் நடத்துகிறோம். ஆளில்லை என்றா சொல்கிறீர்கள்? எங்களிடம் ஒரு அக்கா இருந்தார். குடியிருப்பு குடியிருப்பாக, வளவு வளவாகப் போவார், நூறு நாள் வேலையில் யாருக்குக் கூலி பாக்கி, யாருக்கு முதியோர் பென்சன் நின்றுபோனது என்று கேட்டு மனு எழுதித் தருவார், கிராம சபைக்குப் பெண்களைக் கூட்டி வந்து முன்வரிசையில் உட்கார வைப்பார். இன்றைக்கு அவர் ஸ்பின்னிங் மில் வேனில் ஏறிப் போகிறார். மில்லில் ஒண்ணாம் தேதி ஆனால் சம்பளம் வருகிறது. நாங்கள் பஸ் காசுகூட ஒழுங்காகக் கொடுத்ததில்லை. ஆள் போனது காசு இல்லாமல்தான் சார், மனசு இல்லாமல் இல்லை.

கம்பெனிகள் கொடுக்கிறதே என்பீர்கள். 2013-ஆம் வருடத்துக் கம்பெனிச் சட்டம், 135-ஆவது பிரிவு, உங்களுக்குத் தெரியாததா? 5 கோடி லாபம் பார்த்தாலே மூன்று வருடச் சராசரி லாபத்தில் 2 சதவீதம் சமூகப் பணிக்குச் செலவு செய்தாக வேண்டும். திருப்பூர், கரூர், நாமக்கல்லில் அப்படிப்பட்ட கம்பெனிகளுக்குப் பஞ்சமா? செய்கிறார்கள், இல்லையென்று சொல்லவில்லை. பள்ளிக்கூடத்துக்குக் கழிப்பறை, ஸ்மார்ட் போர்டு, குடிநீர் மெஷின், எல்லாவற்றிலும் பேர் எழுதிய பலகை. மனுஷனுக்கு மாதச் சம்பளம், கூட்டத்துக்கு டீச்செலவு, பர்கூர் ஏறி இறங்க வண்டிக்கு டீசல் என்று கேட்டுப் பாருங்கள், அப்புறம் போன் எடுக்க மாட்டார்கள். நாங்கள் பேசுவது கூலி உயர்வைப் பற்றி. அதற்குக் கூலி கொடுக்கிறவரே நன்கொடை தருவாரா என்று நீங்கள் சிரிக்கலாம். உங்கள் கட்டுரையாளருக்குத்தான் அந்தச் சிரிப்பு வரவில்லை.

வெளிநாட்டு நிதி கதையும் அப்படித்தான். எங்களைப் போன்ற பொடிச் சங்கங்கள் நேராக வாங்கியதில்லை. பெரிய தொண்டு நிறுவனம் வாங்கும், அதில் ஒரு பங்கு கீழே வரும். 2020-இல் வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தைத் திருத்தி, வாங்கியவர் வேறு அமைப்புக்குக் கைமாற்றக் கூடாது என்றார்கள், நிர்வாகச் செலவுக்கு இருந்த 50 சதவீத வரம்பை 20 ஆக்கினார்கள், பணம் டெல்லியில் ஒரே ஒரு ஸ்டேட் பேங்க் கிளையில்தான் வந்து இறங்க வேண்டும் என்றார்கள். வாய்க்கால் தலைமதகை அடைத்துவிட்டுக் கடைமடைக்காரனைப் பார்த்து ஏன் விதைக்கவில்லை என்று கேட்பதுபோல இருக்கிறது உங்கள் வரி.

முற்போக்கு நன்கொடையாளர்கள் என்று ஒரு தனி ஜாதி இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். ஒருவர் வந்தார், நன்றாகத்தான் பேசினார். கடைசியில், ஏதாவது ஒரே சமூகத்தை எடுத்துக்கொள்ளுங்கள், அப்போதுதான் பலனை அளக்க முடியும் என்றார். எங்கள் பக்கம் எப்படி என்று உங்களுக்கே தெரியும். தாளவாடி போனால் கன்னடம், மலைமேல் சோளகர், ஊராளி, லிங்காயத்து, கீழே வளவில் அருந்ததியர், பலர் வீட்டில் தெலுங்கு, மில் குடியிருப்பில் ஒடிசாப் பையன்கள், போர்வெல் வற்றிக் கடனில் கிடக்கிற ரெண்டு ஏக்கர் கவுண்டர். நிலக்காரரைப் பண்ணாடி (எஜமான்) என்று கூப்பிடுகிறவரையும் கூப்பிடப்படுகிறவரையும் ஒரே பாயில் உட்கார வைப்பதுதான் எங்கள் வேலையே. அதற்கு ஒரு வருடத் திட்டம், காலாண்டு அறிக்கை, பயனாளி எண்ணிக்கை எல்லாம் எங்கே ஒத்து வரும்? ஒரு தடவை சேர்ந்து டீ குடிக்க வைக்கவே எத்தனை காலம் பிடித்தது என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள்.

டீ என்றதும் இன்னொன்று. டீக்கடைத் தனி டம்ளரைப் பற்றி முன்பு நான் எழுதிய கடிதத்தை நாலு வரியாக்கி, ஊர்ப் பேரை எடுத்துவிட்டுப் போட்டீர்கள். தொழிலதிபர் சிறப்பிதழுக்கு மட்டும் பக்கம் போதுமானதாக இருந்தது. மேட்டுப்பாளையம் நடூரில் 2019 டிசம்பரில் சுவர் இடிந்து அருந்ததியர் வீடுகள்மேல் விழுந்து 17 பேர் செத்தார்கள். செத்த பிறகு வராதவர் யார்? சுவர் நிற்கும்போதே அதைப் பற்றி வாயைத் திறக்க ஊருக்குள் ஒரு அமைப்பு வேண்டுமே, அதற்கு எந்த நிதி விண்ணப்பப் படிவத்தில் கட்டம் இருக்கிறது?

அந்தக் காலத்தில் விவசாயிகள் சந்தா போட்டுப் போராடவில்லையா என்றும் கட்டுரையில் ஒரு கேள்வி. போராடினார்கள். விவசாயிகள் சங்கத் தலைவர் நாராயணசாமி நாயுடு காலத்து மின்கட்டணப் போராட்டத்தில் 1970-இல் பெருமாநல்லூரில் குண்டடிபட்டே செத்தார்கள். நொய்யல் ஆற்றில் சாயக்கழிவு கலந்ததை எதிர்த்து ஆயக்கட்டுக்காரர்கள், அதாவது அந்த ஆற்றுப் பாசன விவசாயிகள், வழக்கு நடத்தி, 2011-இல் சாயப்பட்டறைகளை மூட உயர் நீதிமன்றம் உத்தரவு போடும் வரை விடவில்லை. ஆனால் அவர்களிடம் நிலம் இருந்தது, கிணறு இருந்தது. சூளையில் முன்பணம் வாங்கிக் கட்டுப்பட்டுக் கிடக்கிறவன் எதை வைத்துச் சந்தா கொடுப்பான்? இருந்தும் எங்கள் ஆட்கள் மாதம் பத்து ரூபாய் கொடுக்கிறார்கள். மாரியம்மன் நோம்பிக்கு வீட்டுக்கு வீடு வாங்கும் தலைக்கட்டு வரி கொடுத்தது போக மிச்சம் அதுதான்.

சரி, கேட்க வந்ததைக் கேட்டுவிடுகிறேன். நிதி கொடுக்கிற கம்பெனிகளும் அறக்கட்டளைகளும் விண்ணப்பப் படிவத்தைத் தமிழிலும் தரட்டும், தமிழில் எழுதிக் கொடுத்தால் வாங்கிக்கொள்ளட்டும் என்று உங்கள் இதழில் ஒரு பெட்டிச் செய்தி போடுங்கள். இப்போது ஈரோட்டில் ஒருவரிடம் காசு கொடுத்துத்தான் ஆங்கிலத்தில் எழுதி வாங்குகிறோம். இந்தக் கடிதத்தையும் நாலு வரியாக வெட்டுவதாக இருந்தால் போடவே வேண்டாம், பெட்டிச் செய்தி மட்டும் போதும்.

இப்படிக்கு,
சந்தா இன்னும் பாக்கி வைக்காத ஒரு வாசகர்,
அந்தியூர்