பிரித்தெடுத்த உப்பு எங்கே போகிறது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கொங்கு மண்டலத்தின் குடிநீர்த் தட்டுப்பாட்டுக்குக் கடல்நீரைக் குடிநீராக்கிக் குழாயில் கொண்டுவருவதே தீர்வு என்றும், அதுவரை ஊருக்கு ஓர் ஆர்.ஓ. நிலையம் (கிணற்று நீரைச் சவ்வு வழியே அழுத்தி உப்பைப் பிரிக்கும் நிலையம்) போட்டுவிட்டால் போதும் என்றும் கோடை தொடங்கியது முதல் எங்கள் பகுதியில் பலரும் பேசி வருகிறார்கள். "பாலைவனத்துக்காரர்கள் கடல் தண்ணீரைத்தானே குடிக்கிறார்கள், நம்மால் முடியாதா?" என்று கேட்கிறார்கள். பதினோரு ஆண்டுகள் குவைத்தில் குழாய்ப் பராமரிப்பு வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பி, இப்போது விவசாயம் செய்பவன் என்ற முறையில் இதற்குப் பதில் எழுத விரும்புகிறேன்.

குவைத்தில் ஆறு கிடையாது. ஆண்டுக்கு ஏறத்தாழ 110 மில்லிமீட்டர் மழைதான். கோவையில் பெய்வதில் அது ஐந்தில் ஒரு பங்குகூடத் தேறாது. எண்ணெய் கிடைப்பதற்கு முன்பு அந்த மக்கள் ஷத்தல் அராப் ஆற்றிலிருந்து பாய்மரப் படகுகளில் தண்ணீர் ஏற்றி வந்து குடித்தார்கள். 1950-களில் கடல்நீரைக் காய்ச்சி வடிக்கும் நிலையங்கள் வந்தன. மின் நிலையத்து நீராவியால் கடல்நீரைச் சூடேற்றி, அழுத்தம் படிப்படியாகக் குறையும் அறைகளுக்குள் செலுத்தினால் ஒவ்வோர் அறையிலும் சிறிது ஆவியாகும். அந்த ஆவியைக் குளிர்வித்து நல்ல தண்ணீர் எடுக்கிறார்கள். எரிக்க எண்ணெயும் எரிவாயுவும் சொந்தமாக இருப்பதாலும், மிஞ்சுகிற அடர்ந்த உப்புநீரைத் திருப்பிவிடக் கடல் வாசலிலேயே இருப்பதாலும்தான் இது அங்கே நடக்கிறது. அங்கும் கவலை இல்லாமல் இல்லை. 1991 போரில் வளைகுடாவில் திறந்துவிடப்பட்ட கச்சா எண்ணெய், கரையோரக் குடிநீர் நிலையங்களுக்குள் புகுந்துவிடுமோ என்று மக்கள் தவித்தார்கள்.

நமக்குத் தமிழகக் கடற்கரை 200 கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிறது. கோவையோ கடல் மட்டத்திலிருந்து 400 மீட்டர் உயரத்தில் உள்ளது. ஆயிரம் லிட்டர் கடல்நீரைச் சவ்வு முறையில் குடிநீராக்க 3 முதல் 4 யூனிட் மின்சாரம் ஆகும். அதைக் கோவை வரை மேலேற்ற, குழாய் உராய்வைச் சேர்க்காமலேயே இன்னும் ஒன்றரை யூனிட் வேண்டும். மீஞ்சூரிலும் நெம்மேலியிலும் உள்ள கடல்நீர்க் குடிநீர் நிலையங்கள் கடலோரச் சென்னைக்குப் பொருந்தும், நமக்குப் பொருந்தாது.

ஆனால் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது ஆர்.ஓ. நிலையங்களைப் பற்றியே. எங்கள் ஊர் நிலையத்தில் ஐந்து ரூபாய் நாணயம் போட்டால் 20 லிட்டர் கேன் நிறைகிறது. அதை நம்பித்தான் நாங்களும் குடிக்கிறோம். அந்தக் கொட்டகையின் பின்பக்கம் போய்ப் பார்த்தால், விரல் பருமனுள்ள ஒரு குழாயிலிருந்து கழிவுநீர் இரவும் பகலும் வாய்க்காலில் விழுந்துகொண்டிருக்கிறது. அது பாய்ந்த இடமெல்லாம் சுண்ணாம்பு தெளித்தாற்போல வெள்ளை பூத்து, அருகம்புல்கூடக் கருகிவிட்டது. ஆழ்துளைக் கிணற்று நீரில் லிட்டருக்கு 2 கிராம் உப்பு இருப்பதாக வைத்துக்கொள்வோம். நாளொன்றுக்கு 20,000 லிட்டர் இறைத்து, அதில் பாதியைக் குடிநீராக எடுத்தால், தினமும் 40 கிலோ உப்பு மேலே வருகிறது. ஆண்டுக்கு 14 டன்னுக்கும் அதிகம். ஏறக்குறைய அத்தனையும் அந்தச் சிறு குழாய் வழியே எங்கள் மண்ணில்தான் இறங்குகிறது. அது மறுபடியும் கிணற்றுக்கு வராமல் எங்கே போகும்?

உப்பு ஓரிடத்தில் சேர்ந்தால் என்னவாகும் என்பதை நொய்யல் கரைக்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பாசனத்துக்கென 1992-ல் திறக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை, திருப்பூர்ச் சாய ஆலைகளின் உப்பு மிகுந்த கழிவு தேங்கும் இடமாக மாறியது. அணைக்குக் கீழே இருந்த கிணறுகளும் தென்னந்தோப்புகளும் கெட்டன. எங்கள் கிணற்று நீரை வாயில் வைக்க மாடுகளும் மறுத்த நாட்களை நான் பார்த்திருக்கிறேன். 2011-ல் உயர் நீதிமன்றம் சாய ஆலைகளை மூட உத்தரவிட்ட பிறகுதான் சொட்டுக் கழிவும் வெளியேறாத முறை இங்கே நிலைபெற்றது. இன்று திருப்பூரின் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் ஆர்.ஓ. முறையில் தண்ணீரை மீட்டு, எஞ்சியதைக் கொதிக்கவைத்து உப்பாகவே எடுக்கின்றன. சாயமிட உதவும் உப்பு திரும்பப் பயனாகிறது. பலவகை உப்புகள் கலந்து எஞ்சும் கலப்பு உப்புக்கு மட்டும் போக்கிடமில்லாமல் மூட்டை மூட்டையாகக் கிடங்குகளில் அடுக்கி வைத்திருக்கிறார்கள். பெரும் செலவில் நடக்கும் அந்த நிலையங்களுக்கே இந்த நிலைமை என்றால், கழிவைக் கணக்கில் கொள்ளாத ஊர்க் கொட்டகையைப் பற்றி நாம் கவலைப்பட வேண்டாமா?

குவைத்திடம் நாம் கற்க வேண்டியது அந்நாட்டின் சுலைபியா என்ற இடத்தில் இருக்கிறது. அங்கே நாளொன்றுக்கு 37.5 கோடி லிட்டர் கழிவுநீரைச் சவ்வுகளால் சுத்திகரிக்கும் திறனுடன் அமைத்த நிலையம் 2005 வாக்கிலேயே இயங்கத் தொடங்கிவிட்டது. அந்த நீர் விவசாயத்துக்குப் போகிறது. கடலை வாசலில் வைத்திருப்பவர்களே வீட்டுக் கழிவுநீரை வீணாக்க மனமில்லாமல் இருக்கும்போது, கோவையும் திருப்பூரும் தம் கழிவுநீரை நொய்யலில் கலக்கவிட்டுக் கடல்நீரைக் கனவு காண்பது எனக்கு வேதனையளிக்கிறது. வீட்டுக் கழிவுநீரில் கடல்நீர் அளவுக்கு உப்பு இல்லை. அதைச் சுத்திகரிக்க ஆகும் மின்சாரமும் குறைவு.

2024 ஆகஸ்டில் தொடங்கிவைக்கப்பட்ட அத்திக்கடவு–அவிநாசித் திட்டம், பவானி ஆற்றின் உபரி நீரை 1,045 குளம் குட்டைகளுக்குக் கொண்டு சேர்க்கிறது. குளம் நிறைந்தால் சுற்றுவட்டக் கிணறுகளில் நீர்மட்டம் ஏறும், உப்பும் நீர்த்துப்போகும். இதைவிட மலிவான உப்புநீக்கம் நம் மண்ணுக்கு வேறு இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

எனவே, ஊருக்கு ஊர் அமையும் ஆர்.ஓ. நிலையங்களில் எவ்வளவு கழிவுநீர் வெளியேறுகிறது, அதில் எவ்வளவு உப்பு உள்ளது என்பதை அளந்து வாசலிலேயே எழுதி வைக்க வேண்டும் என்றும், அந்த நீரை அடியில் தார்ப்பாய் விரித்த தொட்டியில் காயவிட ஏற்பாடில்லாத இடத்தில் அனுமதி தரக் கூடாது என்றும் மாவட்ட நிர்வாகத்தைத் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன். எங்கள் ஊரில் இரண்டாவது நிலையத்துக்கு இப்போது இடம் பார்த்திருக்கிறார்கள். அது, அத்திக்கடவுத் தண்ணீர் வந்து சேரும் குளத்தின் கரை. அங்கே அடிக்கல் வைப்பதற்கு முன், கழிவுநீர் எங்கே போகும் என்பதைக் கிராம சபையில் தெரிவிக்க வேண்டும்.

இப்படிக்கு,
நொய்யல் கரை விவசாயி ஒருவர்,
ஊத்துக்குளி வட்டம், திருப்பூர் மாவட்டம்.