மூர்த்திக்கு, மண் காய்வதற்குள்

அன்புள்ள மூர்த்தி,

உன் கடிதம் வந்து ஒன்றரை வருஷம் ஆகிறது. திட்டுவதைத் திட்டிவிடு, முதலில் அதை முடித்துக்கொள்வோம். இங்கே எல்லோரும் நலம். முட்டி வலி போகவில்லை, பழகிவிட்டது. நெட்டையன் வீட்டு விசேஷத்துக்கு வராததற்கு அவனிடமே மன்னிப்புக் கேட்டாயிற்று. நீ நடுவில் புகுந்து பஞ்சாயத்து பண்ணாதே.

இப்போது எழுதக் காரணம், ஒரு பையன் அம்மாவுக்கு எழுதிய கடிதம். ஹம்முராபி ராஜா காலத்து பாபிலோனியாவில், அதாவது இன்றைய ஈராக் பக்கம் இருந்த பழைய மெசபடோமியாவில், களிமண் பலகையில் எழுதியது. 3,700 வருஷத்துக்கு மேல் ஆகிறது. வீட்டில் சொல்லலாம் என்றால், நான் ‘மெசபடோமியா’வில் மெ சொல்வதற்குள் எழுந்து போய்விடுகிறார்கள். மிச்சம் இருப்பது நீதான்.

பையன் பெயர் இத்தின்-சின். வீட்டைவிட்டு வெளியே தங்கியிருக்கிறான். மற்ற பையன்களின் துணி வருஷா வருஷம் நன்றாகிக்கொண்டே போகிறதாம், இவனுடையது மட்டும் மட்டமாகிக்கொண்டே வருகிறதாம். வீட்டிலோ கம்பளிக்குக் குறைவே இல்லை. அப்பாவிடம் வேலை பார்க்கிறவரின் மகன்கூட இரண்டு புது உடுப்பு வைத்திருக்கிறான். கடைசியில் போடுகிறான் பார் ஒரு குண்டு: அவன் எடுத்து வளர்த்த பிள்ளை, அவன்மேல் அவன் அம்மாவுக்கு அத்தனை பாசம், என்னைப் பெற்ற உனக்கு என்மேல் பாசமே இல்லை! விடுதியில் உட்கார்ந்து நீ எழுதியதெல்லாம் இதே ரகம்தானே? அதில் பாதி வசனம் நான் எடுத்துக்கொடுத்தது என்பது வேறு விஷயம்.

சரித்திர வகுப்பில் நான் கண்ணைத் திறந்துகொண்டே தூங்குவேன், உனக்குத் தெரியும். அங்கே ராஜாக்கள் மட்டும்தான் இருந்தார்கள். இந்த மாதிரி ஆட்களைப் பற்றி யாரும் சொல்லவில்லையே! அதே மெசபடோமியாவில் ‘ஊர்’ என்றே பெயர் கொண்ட ஒரு நகரம், அங்கே ஏஆ-நாசிர் என்று ஒரு செம்பு வியாபாரி. சரக்கு மட்டம் என்று நான்னி என்பவர் அவருக்கு எழுதிய புகார் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. உள்ளங்கைக்குள் அடங்குகிற பலகை, உயரம் 11.6 சென்டிமீட்டர்தான். அதில் அந்த மனிதர் குமுறியிருக்கிறார்: காசு கொடுத்தேன், எதிரி நாட்டைக் கடந்து ஆள் அனுப்பினேன், நீ அவனை மதிக்காமல் வெறுங்கையோடு திருப்பி அனுப்பினாய். இனிமேல் என் வீட்டு முற்றத்தில் வைத்து ஒவ்வொரு கட்டியாக நானே பொறுக்கித்தான் எடுப்பேன்! ஏஆ-நாசிர் மேல் வேறு ஆட்களின் புகார்களும் கிடைத்திருக்கின்றன. அவற்றைத் தூக்கிப் போடாமல் ஏன் வைத்திருந்தார் என்பதுதான் எனக்குப் புரியவில்லை. நம் கணக்கு வாத்தியார் மாதிரி ஆசாமியாக இருக்க வேண்டும்.

சும்மா படித்தால் போதாது என்று நானும் மண் பிசைந்தேன். சிரிக்காதே. அவர்கள் எழுதிய நாணல் குச்சிக்குப் பதிலாக ஒரு மரக்குச்சியைச் சதுரமாகச் சீவிக்கொண்டேன். பேனா மாதிரி இழுத்தால் மண் சுருண்டுகொண்டு வருகிறது. அப்புறம்தான் விளங்கியது, இழுக்கக் கூடாது. குச்சியின் மூலையை அழுத்தி எடுக்க வேண்டும். எடுத்த இடத்தில் தலை அகன்று வால் மெலிந்து ஓர் ஆப்பு விழுந்திருக்கிறது! ஒரு மணி நேரம் ஆப்பாகக் குத்திக்கொண்டிருந்தேன். தெய்வங்களின் பெயருக்கு முன்னால் அவர்கள் நட்சத்திரம் மாதிரி ஒரு குறி போடுவார்கள். உன் பெயர் மூர்த்தியாயிற்றே, உனக்கும் போட்டேன். அதிகம்தான். பின்பக்கம் எழுதலாம் என்று திருப்பினேன், முன்பக்கத்தில் இருந்த நீ நசுங்கிவிட்டாய்.

சிரிப்பு போகட்டும். இதில் எனக்கு ஒரு வருத்தம் இருக்கிறது, அதற்காகத்தான் இவ்வளவும். கி.மு. 612-ல் அசீரியர்களின் தலைநகரம் நினிவே எரிந்தது. அரண்மனையில் இருந்த மண் பலகைகளை நெருப்பு அழிக்கவில்லை, சுட்டுக் கெட்டியாக்கிவிட்டது. மெழுகு பூசிய மரப்பலகைகளிலும் அங்கே எழுதினார்கள், அவை சாம்பல். எதில் எழுதினாய் என்பதை வைத்துத்தான் நீ மிஞ்சுவாய் போலிருக்கிறது. அப்படியென்றால் சிந்துவெளிக்காரர்கள்? அவர்களுடைய முத்திரைகளும் சூதுபவள மணிகளும் ஊர் நகரம்வரை போயிருக்கின்றன. எடைக்கல்லைக்கூட அப்படிக் கச்சிதமாக வெட்டிய மனிதர்கள். அவர்கள் எழுதியதில் நம் கைக்கு வந்தவையோ சராசரியாக ஐந்தே குறி, அதையும் இன்னும் படிக்க முடியவில்லை. அவர்கள் வீட்டுப் பையனும் அம்மாவிடம் துணி கேட்டு எழுதியிருப்பான் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஓலையிலோ துணியிலோ எழுதி, அது மக்கிப் போயிருக்கும்.

லூவர் மியூசியத்தில் ஓர் உருளை முத்திரை இருக்கிறது. நாலாயிரம் வருஷத்துக்கும் மேல் பழையது. அதன் சொந்தக்காரர் ஷு-இலிஷு, உத்தியோகம் மெலுஹா மொழிபெயர்ப்பாளர். மெலுஹா என்பது சிந்துவெளிதான் என்று பெரும்பாலான ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். யோசித்துப் பார், மெசபடோமியப் பேச்சும் சிந்துவெளிப் பேச்சும் தெரிந்த ஒரு மனிதன்! ஒரே ஒரு நாள் சாயங்காலம், வேலையில்லாத நேரத்தில், ஒரே சங்கதியை இரண்டு மொழியிலும் எழுதி ஒரு மூலையில் போட்டிருக்கக் கூடாதா? முத்திரையைப் பார்த்தபோது எனக்கு அந்த ஆள்மேல் நிஜமாகவே கோபம் வந்தது. ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து உட்கார்ந்துகொண்டு ஷு-இலிஷுவிடம் சண்டை போடுகிறேன், மூர்த்தி. இதை வெளியே சொன்னால் என்ன ஆகும் என்று தெரியும். அதனால்தான் உனக்கு எழுதுகிறேன்.

உன் பலகை காய்ந்தபோது குறுக்கே விரிசல் விட்டுவிட்டது. இருந்தாலும் பஞ்சில் சுற்றி அனுப்புகிறேன். அதில் இருப்பது உன் பெயரும் அந்த நட்சத்திரமும்தான், மற்றதெல்லாம் என் கட்டைவிரல் ரேகை.

அன்புடன்,
உன் குச்சி

பின்குறிப்பு: அசீரிய வியாபாரிகள் கடிதத்தில் இடம் போதாவிட்டால், மிச்சத்தைச் சின்னத் துண்டு மண்ணில் எழுதி, அதே களிமண் உறைக்குள் வைத்துவிடுவார்களாம். இதை அந்தத் துண்டாக நினைத்துக்கொள். என் கணக்கு நோட்டு இன்னும் உன்னிடம்தான் இருக்கிறது. 31 வருஷம் ஆகிறது. அடுத்த தடவை ஆள் அனுப்புவேன், வெறுங்கையோடு திருப்பி அனுப்பாதே.